பெரிய ரிவால்வரும் கையால் அடைத்த தோட்டாவும்: கேட்டதற்குப் பதில்

டெக்சாஸில் 11 வருஷம் ஞாயிறுதோறும் .44 மேக்னம் (பலமான பெரிய ரிவால்வர் தோட்டா) சுட்டவன். இப்போ மதுரை கே.கே. நகர்வாசி. அந்தத் தோட்டா பத்தி முன்னாடி எழுதினதுக்கு வந்த கேள்விகள் இவை. தெரிஞ்சதைச் சொல்றேன்.

திருமங்கலம் தம்பி: அண்ணே, .44 சுட்டா மணிக்கட்டு கழண்டுருமா?

கழலாது. உதை பலமா இருக்கும், அவ்வளவுதான். குறியைக் கெடுக்கிறது பயம். விசையை இழுக்கும்போதே கை தன்னால கீழே போகும். சிலிண்டரில் இருக்கிற 6 அறையில் ரெண்டு மூணுல வெற்றுக்கூட்டை (மருந்தும் குண்டும் இல்லாத தோட்டா உறை) கலந்து போட்டுத் தரக் கூட இருக்கிறவர்கிட்ட சொல்லு. வெற்று அறை வரும்போது கை குலுங்குறது உனக்கே தெரியும். அதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல்ங்கிற பலம் குறைஞ்ச தோட்டாவும் போடலாம், உதை ரொம்பக் குறைவு. காதடைப்பு, கண்ணாடி இல்லாம தொடாதே.

வாடிப்பட்டியிலிருந்து: ஒரு தோட்டாவுக்கு எத்தனை கிரெய்ன் (எடை அளவு) வெடிமருந்து போடணும்?

சொல்ல மாட்டேன். மருந்து செய்யற கம்பெனியோட புத்தகம் மட்டும்தான் கணக்கு. மேக்னம் கூடு பெருசு. சில மருந்து கொஞ்சமே போதும், தெரியாம ரெண்டு தடவை கொட்டினாலும் வழியாது. துப்பாக்கி வெடிச்சிரும். கொட்டவே மறந்தா வேற கதை: எனக்கு ஒரு தடவை "டப்"புனு சத்தம் குறைஞ்சு வந்தது. பிரைமர் (மருந்தைப் பத்தவைக்கிற அடிமூடி) மட்டும் தள்ளி, குண்டு குழலுக்குள்ள நின்னுருச்சு. அடுத்ததைச் சுட்டிருந்தா விரல் மிஞ்சியிருக்காது.

உசிலம்பட்டி: நம்ம ஊர்ல வீட்டுல அடைக்கலாமா?

கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு: உரிமம் இல்லாம தோட்டா செய்யறது குற்றம்.

மேலூர்: லைசென்ஸ் வாங்கித் தருவீங்களா?

இல்லை.

ஆரப்பாளையம், லேத் பட்டறை: .44 குண்டை வெர்னியரில் அளந்தா .429 அங்குலம்னு எழுதியிருக்கீங்க. கம்பெனி ஏமாத்துதா?

அப்படிக் கேளுங்கண்ணே! பழைய தோட்டாவில் குண்டும் கூடும் வெளியில ஒரே பருமன். குண்டோட அடியை மட்டும் ஒடுக்கிக் கூட்டுக்குள்ள செருகுவாங்க. மசகு வெளியில இருக்கும், மண் ஒட்டும். 1870களில் ரஷ்ய ராணுவத்துக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ங்கிற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி செஞ்ச தோட்டாவில் குண்டு கூட்டுக்குள்ள போச்சு, அளவு சிறுத்துச்சு, பேர் அப்படியே நின்னுச்சு. அந்த வம்சத்தில்தான் 1907இல் ஸ்பெஷலும் 1955இல் மேக்னமும் வந்தது. திருமலை நாயக்கர் கட்டின மண்டபத்தை இன்னைக்கும் புதுமண்டபம்னு தானே சொல்றோம்?

அதே லேத் அண்ணன்: மண்டபத்தை இழுக்காதீங்க. .357 மேக்னம் மட்டும் சரியா இருக்கே?

அது 1935இல் வந்தது. பேரிலேயே நிஜ அளவை வச்சாங்க. .38 ஸ்பெஷல் குண்டும் அதே .357 தான், அளந்து பாருங்க.

சோழவந்தான்: சார், லைசென்ஸ் எப்படி…

மேலூருக்குச் சொன்னதேதான்.

திருநகர் அம்மா: மகளுக்கு 13 வயசு, ஆசைப்படுறா.

ரிவால்வர் வேண்டாம்மா. ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கேளுங்க. குழல் அளவு 4.5 மில்லிமீட்டர், குண்டோட ஆற்றல் 20 ஜூலுக்குள்ளன்னா உரிமமே தேவையில்லை. கண்ணாடி போடச் சொல்லுங்க.

லேத் அண்ணன்: அப்ப .45 கோல்ட் (Colt) தோட்டா?

இப்போ .452, பழைய குழலுக்கு .454. விடுங்கண்ணே, சோறு ஆறுது.