எதிர்க்கரையின் மொழி

அன்புள்ள ஐயா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலம் தவிர இன்னொரு வெளிநாட்டு மொழி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் சீனியர்கள் ஜெர்மன் என்கிறார்கள். தோழி ஜப்பானிய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சவூதியில் 12 ஆண்டுகள் டிரைவராக இருந்த மாமா, அரபிதான் சோறு போடும் என்கிறார். எனக்குப் பிரெஞ்சின் மீதும் ஆசை. எங்கள் வீட்டில் யாரும் வெளிநாட்டு மொழி படித்ததில்லை, கேட்க ஆளில்லை. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன வருடம் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்தார். அப்போது ஒருநாள் அங்கிருந்து ஒரு போன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் தெரியவில்லை. ‘தாத்தா’ என்றும் ‘இன்னவா’ என்றும் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. தாத்தா இறந்து பத்து வருடமாகிறது. அம்மா அன்று இரவெல்லாம் அழுதார். அந்த இரண்டு மாதக் கடன் இன்னும் இருக்கிறது. ஒரு மொழிக்குத்தான் பணம் கட்ட முடியும். எதைப் படிக்கட்டும்?

மண்டபம் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

பணம் கட்டிப் படிக்கும் மொழி ஜெர்மனாக இருக்கட்டும். நான்கு ஆண்டுகள் நர்சிங் படித்திருக்கிறீர்கள். அந்தப் படிப்பை வீணாக்காத மொழிதான் உங்களுக்கு வேண்டும்.

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். என்4 (ஜப்பானிய மொழித் தேர்வின் கீழ்ப்படிகளில் ஒன்று) அளவு மொழியும் பராமரிப்புக்கான தேர்வுகளும் போதும். ஆனால் அது நர்ஸ் வேலை அல்ல. அங்கே நர்ஸாக வேண்டுமென்றால் அவர்களுடைய தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும். உங்கள் தோழிக்கு அந்த வழி சரியாக இருக்கலாம். படகுத் தொழில் தெரிந்த தம்பி வீட்டில் இருந்தால் அவனுக்கும் சொல்லுங்கள், பராமரிப்பு வேலைக்குக் கொடுக்கும் அந்த விசாவுக்கான தொழில்களில் மீன்பிடிப்பும் ஒன்று. வளைகுடா மருத்துவமனைகளில் சேர எழுதும் உரிமத் தேர்வுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அரபியை வார்டில் நின்றே பழகிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு ஆசையைக் கைவிட வேண்டாம், கடன் அடைந்த பிறகு படியுங்கள்.

மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகளாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை கேட்கிறார்கள். ஏ1-இல் தொடங்கி அங்கே போய்ச்சேர 600 பாடவேளைகளாவது ஆகும். ஒரு பாடவேளை முக்கால் மணி நேரம். தினமும் இரண்டு பாடவேளை படித்தாலே பத்து மாதம், அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்து படிப்பது வேறு. ஆகவே ‘ஆறு மாதத்தில் பி2’ என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்கும் இடத்தில் சேராதீர்கள். முதலில் ஏ1-க்கு மட்டும் கட்டுங்கள். சான்றிதழ்களின் அசலை எந்த ஏஜென்டிடமும் விட்டு வைக்காதீர்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கையும் தனித்தனியாகவும் எழுதலாம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மொழி கடினமா என்றால், ஓரளவு கடினம்தான். அங்கே மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆனால் ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலேயர் தடுமாறும் அந்த இடம் நமக்குப் பிறந்த வீடு.

இனி உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரிக்கு வருகிறேன். வீட்டில் யாரும் வெளிநாட்டு மொழி படித்ததில்லை என்கிறீர்கள். உங்கள் மாமா 12 ஆண்டுகள் சவூதி முதலாளியிடம் எந்த மொழியில் சம்பளம் கேட்டார்? போலீஸ்காரர் வண்டியை நிறுத்தியபோது எந்த மொழியில் பதில் சொன்னார்? வகுப்பும் சான்றிதழும் இல்லாமல் வந்ததால் அதைப் படிப்பு என்று யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். இந்தக் கரையே அப்படி மொழி கற்ற கரை. பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை விலை பேசி இறக்கியவர்கள் ஏதோ ஒரு மொழியில் சீனத்துச் சரக்கோடு வந்தவர்களிடம் பேசித்தானே இருப்பார்கள்? கீழக்கரையில் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புது எழுத்துகளே உண்டாக்கினார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914-இலிருந்து 1964 புயல் வரை கப்பல் ஓடியது. போய்வந்தவர்களின் வாயில் சிங்களமும் ஏறி வந்தது.

அந்தச் சிங்களத்தைத்தான் உங்கள் பட்டியலில் தேடினேன். உங்கள் வீட்டுக்குள் போன் வழியாக வந்த ஒரே வெளிநாட்டு மொழி அதுதான். ஆனால் படிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக அது உங்களுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு மட்டுமல்ல, இந்தக் கரையில் எவருக்கும் தோன்றுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நீதிமன்றம் தமிழில் நடக்கும். ஆனால் நடுக்கடலில் படகில் ஏறும் கடற்படைக்காரர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். புத்தளம் பக்கம் கொண்டுபோனாலும், கொழும்புச் சிறைக்கு மாற்றினாலும், காவலரும் சிங்களம்தான் பேசுவார். நமக்கு மிக அருகில் இருக்கும் அந்நிய மொழி அது. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போகிறதைவிட அதிகமில்லை.

1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர்களின் மொழியை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தவர் மண்டபம் அகதிகள் முகாமில் இருந்த ஒரு பெரியம்மா. கொழும்பில் கடை வைத்திருந்தவர், 1983 கலவரத்தில் கடையை இழந்து வந்தவர். இடியாப்பம் அவித்து விற்றார். பத்து இடியாப்பம் கேட்டால் ‘எக, தெக, துன, ஹதர, பஹ’ என்று வாய்க்குள் எண்ணித்தான் இலையில் வைப்பார். ஊரை இழந்தும் அந்த எண்கள் அவரைவிட்டுப் போகவில்லை. நான் 19 வயதில் தபால் வழியாக ஒரு வருடம் பிரெஞ்சு படித்தேன். பேச ஆளில்லாமல் அது முழுவதும் மறந்துவிட்டது. பெரியம்மாவிடம் கற்றது இன்றும் நாக்கில் இருக்கிறது.

உங்களுக்கும் அது சுலபமாக வரும். ‘மம கெதர யனவா’ என்றால் ‘நான் வீட்டுக்குப் போகிறேன்’. சொற்கள் நம் வரிசையிலேயே நிற்கின்றன. பேச்சில் நான், நீ, அவன் எல்லோருக்கும் ‘யனவா’ ஒன்றேதான். அக்காவுக்கு அக்காதான், கடைக்கு ‘கடே’, காசுக்கு ‘சல்லி’. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் கல்லூரியிலேயே முகாம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கலாம். கொழும்பிலோ மலையகத்திலோ வாழ்ந்த பெரியவர் அவர்கள் வீட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஜெர்மன் வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள். படகில் இருப்பவருக்கு, ‘வதுர’ என்று தண்ணீர் கேட்கவும், ‘லெட’ என்று உடம்பு சரியில்லாததைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ‘இன்னவா’ என்றால் ‘இருக்கிறார்’. அன்று போனில் பேசியவர், பெரும்பாலும், ‘தாத்தா ஹொந்தின் இன்னவா’ என்று சொல்லியிருப்பார். அப்பா நன்றாக இருக்கிறார் என்று.