கடித்தது போன்ற 2 ரூபாக் குற்றி: அச்சுப் பிழையா, அரம் பட்டதா?

தம்பி, கல்முனைச் சந்தையில் சில்லறையாக வந்த 1984ஆம் ஆண்டு 2 ரூபாக் குற்றியின் ஓரம் பிறை போல் குறைந்திருப்பதாகவும், 5 ரூபாக் குற்றி ஒன்று மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

2 ரூபாவைத்தான் கவனமாகப் பாருங்கள். நாணயசாலையில் தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது, முன்னர் வெட்டிய ஓட்டையின் மேல் பஞ்ச் (வெட்டும் கருவி) இறங்கினால் இப்படிப் பிறைக்குறை விழும். அது நிஜமென்றால், குறைக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் பெரும்பாலும் மங்கிப் படிந்திருக்கும். குறையின் அருகே எழுத்துகள் சற்று இழுபட்டு மங்கும். அரத்தால் ராவியதென்றால் எழுத்து கத்தியால் நறுக்கியது போல் சட்டென நிற்கும். பூதக்கண்ணாடியில் வெட்டுமுகத்தையும் பாருங்கள், சமாந்தரமாகக் கீறல்கள் ஓடினால் யாரோ கைவைத்த வேலை. நானும் மட்டக்களப்பில் ஒருமுறை 500 ரூபா கொடுத்து அப்படியொன்றை வாங்கி ஏமாந்தவன்தான்! நிறையை மட்டும் நம்பாதீர்கள். முழுக்குற்றி 8.25 கிராம், ஆனால் ராவினாலும் நிறை குறையும்தானே.

5 ரூபாவுக்குக் காந்தம் வைத்துப் பாருங்கள். 2005இலிருந்து பல ஆண்டுகள் வந்தவை பித்தளை முலாம் பூசிய உருக்கு, ஒட்டும். வாவிக்கரை உப்புக்காற்றிலும் வியர்வையிலும் முலாம் போவது வழமை. மேடான இடங்களில் மட்டும் நிறம் போய், எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் மிஞ்சியிருந்தால் அது தேய்மானம், செலவழித்துவிடுங்கள்.

2 ரூபாவின் எதிர்ப்பக்க விளிம்பைக் கிட்டப் பிடித்து ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், சரியா?