ஸ்கோப் காட்டும் அரை நானோசெகண்டை நம்ப வேண்டாம்

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 1030 நானோமீட்டர், 300 ஃபெம்டோசெகண்ட் லேசரில் மெல்லிய எஃகுத் தகட்டில் துளை போடுகிறோம். கொஞ்ச நாளாக விளிம்பில் பிசிறும் கருப்பும் வருகின்றன. பவர் மீட்டரில் குறைவே இல்லை. ஃபோட்டோடையோடை (ஒளியை மின்சாரமாக்கும் சென்சார்) ஆசிலோஸ்கோப்பில் மாட்டினால் அரை நானோசெகண்ட் காட்டுகிறது. பல்ஸ் நீண்டுவிட்டதா? இடையில் மாற்றிய லென்ஸ்தான் காரணமா?

பதில்: முதலில் ஸ்கோப்பைக் கழற்றி வையுங்கள். 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால் அதன் ஏறும் நேரமே (திரையில் கோடு கீழிருந்து மேலே எழ எடுக்கும் நேரம்) சுமார் 350 பிகோசெகண்ட். ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிகோ, ஆயிரம் பிகோ ஒரு நானோ. பல்ஸ் 300 ஃபெம்டோ இருந்தாலும் 3 பிகோ இருந்தாலும் திரையில் அதே கோடுதான் வரும்.

பல்ஸை அளக்க அந்தப் பல்ஸேதான் வேண்டும். பல்ஸ் நீளத்தை அளக்கும் கருவியான ஆட்டோகோரிலேட்டர், லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதப்படுத்தி, இரண்டையும் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கும் பிபிஓ படிகத்துக்குள் குறுக்காகச் சந்திக்க வைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் நடுவில் 515 நானோமீட்டர் பச்சை ஒளி பிறக்கும். தாமதப் பாதையின் கண்ணாடியை 15 மைக்ரான் தள்ளினால், போக வர 30 மைக்ரான், அதாவது 100 ஃபெம்டோ தாமதம். பச்சை கூடிக் குறையும் வரைபடத்தின் அகலத்தை, பல்ஸ் காஸியன் வடிவம் என்று கொண்டால் 1.41ஆல் வகுக்க வேண்டும். செக்-ஸ்கொயர் என்ற இன்னொரு வடிவம் என்றால் 1.54. லேசரை விற்றவர் எதால் வகுத்து 300 என்றார் என்று கேட்டுவிடுங்கள்.

லென்ஸ் கண்ணாடி பல்ஸை நீட்டியிருக்காது. 5 சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடி 30 ஃபெம்டோ பல்ஸை 90க்கு மேல் இழுத்துவிடும். உங்கள் 300ஐ அசைக்கக்கூடச் செய்யாது. ஆனால் புது லென்ஸுக்கு ஃபோகஸ் உயரம் மாறியிருக்கலாம், அதை இன்றே பாருங்கள்.

அது சரியாக இருந்தால், என் சந்தேகம் கம்ப்ரஸர் மேல் (காற்று கம்ப்ரஸர் இல்லை, லேசர் பெட்டிக்குள் இருப்பது). பல்ஸை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் இந்த முறையை 1985இல் ஸ்ட்ரிக்லாண்டும் மூருவும் கொண்டுவந்தார்கள். 2018இல் நோபல் கிடைத்தது. சுருக்கும் கிரேட்டிங்குகளின் (ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடுகள்) இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் பல்ஸ் நீளும், சராசரி பவர் மாறாது. உங்கள் பவர் மீட்டர் சொல்வதும் அதற்குப் பொருந்துகிறது.

பல லேசர்களில் இந்த இடைவெளியை மென்பொருளிலேயே நகர்த்தலாம். கற்றையை நன்றாகக் குறைத்து, பிபிஓ துண்டு ஒன்றில் விட்டு, அகச்சிவப்பை வடிகட்டி, பச்சையை மட்டும் சாதாரண டையோடில் பாருங்கள். எந்த இடத்தில் பச்சை உச்சமோ, ஏறக்குறைய அங்கேதான் பல்ஸ் மிகச் சிறியது. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள், 1030, 515 இரண்டையும் தடுப்பதாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் பிசிறு போகாவிட்டால் ஆட்டோகோரிலேட்டரை இரவல் வாங்கி ஓசூருக்கே கொண்டுவாருங்கள்; லேசரைத் தூக்கிக்கொண்டு பெங்களூரு போக வேண்டாம், வழியில் இருக்கிற சீரும் குலையும். வரைபடத்தின் அடியில் இரு பக்கமும் அகலமான கால் தெரிந்தால், அந்த ஆற்றல் வெட்டாமல் சூடுதான் ஏற்றுகிறது. ஆட்டோகோரிலேட்டர் வரைபடம் எப்போதும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்; கால் பல்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்று அதில் தெரியாது. பல்ஸின் வடிவத்தையே பார்க்க, அந்தப் பச்சையை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிரித்துப் பார்க்கும் ஃப்ராக் முறை வேண்டும்; அதிலும் முன்னா பின்னா என்பது ஒரே அளவில் தெரியாது, கற்றையின் வழியில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இன்னொரு முறை அளந்து ஒப்பிட வேண்டும். அது சர்வீஸ் பொறியாளர் வேலை.