அட்டையில் ஆர்பிஜி என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. என் மகன் தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்து போக்கிமான் பைத்தியம். இப்போது வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, டிசம்பர் விடுமுறைக்கு "நல்ல ஆர்பிஜி ஒண்ணு வாங்கித் தாங்கம்மா" என்றான். கடையில் அப்படியே கேட்டேன், எல்டன் ரிங் எடுத்துக் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே பையன் திரும்பத் திரும்பச் செத்துக் கடுப்பாகி, "இது ஆர்பிஜியே இல்லம்மா, உங்கள ஏமாத்திட்டாங்க" என்கிறான். கடையில் கேட்டால் "இது ஆர்பிஜிதான், பிரித்த டிஸ்க்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி அக்கா. ஆனால் உங்கள் மகனின் கடுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஈரச்சந்தையில் போய் "மீன் ஒரு கிலோ" என்று மட்டும் கேட்டால் எந்த மீன் பைக்குள் விழும்? அதுதான் நடந்திருக்கிறது.

ஆர்பிஜி என்றால் ரோல்-பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு. கொஞ்சம் பின்னால் போனால்தான் இந்தக் குழப்பம் புரியும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டைக் கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், அதில் உங்கள் பாத்திரத்தின் வலிமை இத்தனை, சாமர்த்தியம் இத்தனை, அறிவு இத்தனை என்று எண்கள், மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும். அதை கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தவற்றில் முக்கியமானவை 1981-ல் வந்த அல்டிமாவும் விசார்ட்ரியும். அந்த இரண்டையும் ஆடிப் பார்த்த ஜப்பான்காரர் யூஜி ஹோரி 1986-ல் டிராகன் குவெஸ்ட்டைச் செய்தார், அடுத்த வருடமே வேறு ஆட்கள் செய்த ஃபைனல் ஃபேன்டசி வந்தது, 1996-ல் போக்கிமான் வந்தது. அங்கிருந்து கிளைகள் பிரிந்து பிரிந்து, இன்றைக்கு ஒன்றுக்கொன்று முகஜாடையே இல்லாத விளையாட்டுகள் எல்லாம் ஒரே மூன்றெழுத்தின் கீழ் கடையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் எதை வைத்து ஆர்பிஜி என்பது? "லெவல் ஏறினால் ஆர்பிஜி" என்பார்கள் சிலர். அது எடுபடாது. 2007-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4-லேயே ஆன்லைனில் சுடச்சுட எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி ஏறும், லெவல் கூடும், புதுத் துப்பாக்கி கிடைக்கும், அதை யாரும் ஆர்பிஜி என்று சொல்வதில்லை. "கதையை நாம் தீர்மானிக்க வேண்டும்" என்பார்கள் வேறு சிலர். ஃபைனல் ஃபேன்டசி 7-ல் கதாநாயகன் கிளவுட் என்ன ஆவான், கதை எங்கே போய் முடியும் என்பதெல்லாம் 1997-லேயே எழுதி வைத்தாயிற்று, நீங்கள் தலைகீழாக நின்றாலும் மாறாது, ஆனால் அது ஆர்பிஜி இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். "சண்டை வேண்டும்" என்றால், 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் சண்டைக்கென்று தனியாக ஒரு முறையே கிடையாது, பேச்சும் பகடையும் 24 திறமைகளும்தான், அதைவிட அசல் ஆர்பிஜி சமீபத்தில் நான் பார்த்ததில்லை.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் ஒரு காரியத்தில் இறங்கும்போது ஜெயிப்பதும் தோற்பதும் எவ்வளவு தூரம் அவனுடைய எண்களின் கையில் இருக்கிறது, அந்த எண்களை வளர்க்கும்போது ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டி வருகிறதா? வருகிறது என்றால் ஆர்பிஜி. இரண்டு நண்பர்கள் ஒரே விளையாட்டை ஆடி முடித்து ஒருவன் மந்திரவாதியாகவும் இன்னொருவன் கோடரிக்காரனாகவும் நிற்க முடிந்தால் அங்கே ஒரு ஆர்பிஜி இருக்கிறது.

2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பெட்டி ஒன்றைத் திறக்கப் போகிறீர்கள். திரையில் 20 முகப் பகடை வந்து நிற்கும், மேலே ஒரு எண், 15 என்று வைத்துக்கொள்வோம். பூட்டுத் திறப்பதில் உங்கள் ஆள் கெட்டிக்காரன் என்றால் விழுகிற எண்ணோடு அவனுடைய 5-ஐயும் கூட்டிக்கொள்ளலாம். 10 விழுந்தாலே பூட்டு திறந்துவிடும். ஆனால் 1 விழுந்தால் அவன் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் தோல்விதான். இதில் உங்கள் விரலுக்கு எந்த வேலையும் இல்லை, பட்டனைத் தட்டிவிட்டு மைலோ குடிக்கலாம்.

எல்டன் ரிங் அப்படி இல்லை. தொடக்கத்தில் 10 வகைப் பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், 8 குணங்களில் எதை ஏற்றுவது என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் இத்தனை வலிமை வேண்டும் என்ற கணக்கு உண்டு, அது குறைந்தால் கத்தி கையில் இருந்தும் உருப்படியாக வீச முடியாது. இவ்வளவும் சுத்தமான ஆர்பிஜி. ஆனால் எதிரி வாளை ஓங்கும் அந்த அரை நொடியில் உருண்டு தப்பிக்க வேண்டியது உங்கள் மகனின் கட்டைவிரல். முதல் லெவலிலேயே இருந்து கடைசிவரை முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் எவ்வளவு பேசுகிறது என்று. இதற்கு ஆக்‌ஷன் ஆர்பிஜி என்று பெயர். போக்கிமானில் நீங்கள் ஒரு அடி, அவன் ஒரு அடி என்று முறை வைத்து ஆடிப் பழகிய பையனுக்கு இது வேறு உலகம்.

அடுத்த தடவை "டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி வேண்டும்", அதாவது முறை வைத்து ஆடுவது வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒரு சொல் போதும், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெர்சோனா 5 ராயல், டிராகன் குவெஸ்ட் 11, மெட்டஃபர் ரீஃபேன்டாசியோ மூன்றுமே உங்கள் மகன் கேட்ட ரகம். 2025-ல் எல்லாரும் கொண்டாடிய கிளேர் அப்ஸ்கியூரும் முறை வைத்து ஆடுவதுதான், ஆனால் எதிரி அடிக்கும்போது நேரம் பார்த்துப் பட்டன் தட்ட வேண்டும், அதனால் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பெயரைப் பார்த்தும் நம்ப முடியாத காலம் இது. 2025 அக்டோபரில் வந்த போக்கிமான் லெஜண்ட்ஸ் இசட்-ஏ-வில் போக்கிமான் சண்டையே முறை வைத்து நடப்பதில்லை!

சரி, பணம். சிங்கப்பூரில் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, ஆனால் அது பழுதான பொருளுக்கும் சொன்னதற்கு மாறான பொருளுக்கும்தான், "பிடிக்கவில்லை" என்பதற்குக் கிடையாது. டிஸ்க் ஓடவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. அல்லது "முறை வைத்து ஆடுவதுதானே?" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்டு, அவர் "ஆமாம்" என்று தலையாட்டியிருந்தால் அது வேறு கதை, பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், சிறு கோரிக்கை நடுவர் மன்றம்கூட இருக்கிறது. நீங்கள் அப்படிக் கேட்டதாக எழுதவில்லை. அதனால் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் போட்டு விற்றுவிடுங்கள், எல்டன் ரிங்குக்கு ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் பையன் கையிலேயே விட்டுப் பாருங்கள். முதலில் இதைத் திட்டித் தீர்த்த பலர் பிறகு இதிலேயே விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தேசியச் சேவையில் இருக்கிறேன், வார இறுதியில் மட்டும்தான் விளையாட நேரம். ஒரு ஆர்பிஜி 80, 90 வெள்ளி ஆகிறது. டிஜிட்டலில் வாங்கி, ஆடிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: எங்கே வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் கேட்டவுடன் திருப்பித் தருவார்கள். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடை ஆரம்பித்துவிட்டால் பொதுவாகக் கிடையாது, அதாவது ஆடிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. நின்டெண்டோவில் டிஜிட்டலாக வாங்கினால் வாங்கியதுதான்.

ஆர்பிஜிக்கு அந்த 2 மணி நேரம் எதற்கும் போதாது என்பதுதான் உண்மையான சிக்கல். மூக்கு எவ்வளவு நீளம், முடி என்ன நிறம் என்று பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் நேரமும் அதில் சேரும். அதிலேயே முக்கால் மணி நேரத்தைத் தொலைக்கிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்! பெர்சோனா 5 மாதிரி விளையாட்டில் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் கதையும் பேச்சும்தான், உங்களைச் சுதந்திரமாக ஊர் சுற்ற விடுவதற்குள் கெடு தாண்டிப் போயிருக்கும். அதனால் ஸ்டீமில் வாங்கினால் முதல் தடவை கிடைத்த முகத்தோடு கிளம்புங்கள், இடையில் வரும் கதைக்காட்சிகளைத் தாண்டி விடுங்கள், சண்டை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிடித்திருந்தால் புதிதாகத் தொடங்கி மூக்கைச் செதுக்குங்கள்.

அதைவிட நல்ல வழி இலவச டெமோ. டிராகன் குவெஸ்ட் 11-இன் டெமோவில் சுமார் 10 மணி நேரம் ஆடலாம், வாங்கினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மெட்டஃபருக்கும் ஃபைனல் ஃபேன்டசி 16-க்கும் அப்படி உண்டு. அப்புறம், வார இறுதிக்காரர் என்பதால் சொல்கிறேன், பெர்சோனா 5 ராயல் முடிக்க 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மாதத்துக்கு ஓடும். சலுகை விலைக்குக் காத்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேள்வி: மகளுக்கு 15 வயது. கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறாள். "இலவச ஆர்பிஜி அப்பா" என்கிறாள், ஆனால் அடிக்கடி காசு கேட்கிறாள். உண்மையிலேயே இலவசமா? – ஜூரோங் வாசகர்

பதில்: ஆர்பிஜி என்பதும் உண்மை, இலவசம் என்பதும் உண்மை, காசே போடாமல் கதை முழுவதையும் ஆடலாம். காசு போவது புதுப் பாத்திரங்களுக்கு. நேராக வாங்க முடியாது, குலுக்கலில் எடுக்க வேண்டும். ஒரு குலுக்கலுக்கு 160 ரத்தினம். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் நிச்சயம் என்பது 90-ஆவது குலுக்கலில்தான், அதாவது 14,400 ரத்தினம், கடையில் இருக்கும் ஆகப் பெரிய பொதி ஒன்றை வாங்கினாலும் அவ்வளவு வராது. வந்த பாத்திரம் அவள் கேட்டதாக இல்லாமலும் போகலாம், அப்போது இன்னொரு 90 வரை போக வேண்டியிருக்கும். அவளிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் கணக்கை உங்களைவிட வேகமாகச் சொல்வாள். ஆடட்டும், ஆனால் போனில் உங்கள் கடன்பற்று அட்டை விவரம் இருந்தால் எடுத்துவிடுங்கள், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய டிஸ்க் வாங்கும்போது ஆர்பிஜிக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா? – பொங்கோல் வாசகி

பதில்: மொழி. கார் பந்தயம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் ஓட்டிவிடலாம், ஆர்பிஜியில் 100 மணி நேரம் படிக்க வேண்டும். இங்கே சுற்றுகிற டிஸ்க்குகளில் சீன, ஜப்பானியப் பதிப்புகளும் கலந்திருக்கும், சிலவற்றில் ஆங்கிலமே இருக்காது. விற்பவரிடம் அட்டையின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். டிஸ்க் எந்த வட்டாரத்துக்கோ அந்த வட்டாரக் கணக்கில்தான் கூடுதல் அத்தியாயங்களை வாங்க வேண்டும், சிங்கப்பூர்க் கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்க டிஸ்க்குக்கு வாங்கினால் பொருந்தாது. 18 வயதானவர்களுக்கு என்று காட்டும் எம்18 முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வாள் மந்திரம் என்றாலே சிறுவர் சாமான் என்று கிடையாது. 2007-ல் மாஸ் எஃபெக்ட் என்ற ஆர்பிஜியை இங்கே முதலில் தடை செய்து, பிறகு அந்த முத்திரையோடுதான் விட்டார்கள். கரோசலில் தனியாளிடம் வாங்கினால் லெமன் சட்டம் கைகொடுக்காது, அதனால் நேரில் சந்தித்து, டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.