வீடியோவில் டாக்டரைப் பார்க்கும்போது ஏன் சம்மதம் கேட்கிறார்கள்?

"நேரில் போகாமல் போனிலோ வீடியோவிலோ ஆலோசனை பெறுகிறேன், இதன் குறைகள் எனக்குத் தெரியும்" என்று நோயாளி ஒப்புக்கொள்வதுதான் தொலைமருத்துவச் சம்மதம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. அதனால் சில நோய்கள் கண்ணில் படாமல் போகலாம். இது தெரியாமல் தலையாட்டினால் அது சம்மதமே இல்லை.

மத்திய அரசின் 2020 மார்ச் வழிகாட்டுதல்படி, நோயாளியே அழைத்தால் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். சலூன் நாற்காலியில் நாமே போய் உட்கார்ந்தால் "முடி வெட்டலாமா" என்று யாரும் கேட்பதில்லை. வழியில் போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் கேட்கத்தான் வேண்டும்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு பாட்டிக்காகச் செவிலியர் கடலூரில் இருக்கும் டாக்டரை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பாட்டியிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், குரல்பதிவு எதுவானாலும் சரி. டாக்டர் அதைப் பதிந்துவைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மகன் "ம், பேசுங்க டாக்டர்" என்று முந்திக்கொள்வார். பாட்டி தெளிவாக இருக்கும்போது அது போதாது என்பேன்.

அப்புறம், ஒருமுறை சரி சொன்னால் நடுவில் விலக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள்; எந்தக் கட்டத்திலும் "போதும், நேரிலேயே வருகிறேன்" என்று சொல்லலாம்.