ரௌட்டர் ஏற்காத மாட்யூல்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: ஆன்லைன் தளம் ஒன்றில் எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் கேபிளை இணைக்கும் சிறு மாட்யூலைச் செருகும் துளை) உள்ள ரௌட்டர் வாங்கினேன். 'எல்லா எஸ்எஃப்பி மாட்யூலும் பொருந்தும்' என்று போட்டிருந்ததால் ஃபைபர் மாட்யூலைத் தனியாக வாங்கிச் செருகினேன். ரௌட்டர் ஏற்கவில்லை. 'எங்கள் கம்பெனி மாட்யூல்தான் ஓடும், இல்லையென்றால் உப்புக்காற்றில் கெட்டிருக்கும்' என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் மனுவில் 'பழுதான பொருள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழுது என்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று அறிக்கை வந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

மாட்யூலுக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு உண்டு. தயாரிப்பாளர் பெயருக்கென்றே அதில் 16 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செருகியதும் ரௌட்டர் அதைப் படிக்கும். சில கம்பெனிகள், தங்கள் பெயர் இல்லையென்றால் போர்ட் வேலை செய்யாதபடி மென்பொருளில் பூட்டு வைக்கின்றன. பூட்டை வைத்துக்கொண்டே 'எல்லாம் பொருந்தும்' என்று விற்றதுதான் நம் வழக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி இது நேர்மையற்ற வணிக நடைமுறை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கிறது 2020 மின்வணிக விதிகளின் 6ஆவது விதி.

எனவே அந்த விற்பனைப் பக்கத்தை, தேதி தெரியும்படி, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். அப்புறம் மாட்யூலை உருவி, பின்முனையில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நம் கரையில் எது பச்சை பூத்தாலும் கண்ணுக்கே தெரியும். ரௌட்டரின் லாக்கில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில்) மாட்யூல் கம்பெனியின் பெயர் வந்திருந்தால் இன்னும் நல்லது: பெயரைப் படிக்க முடிந்ததென்றால் உப்பு அரித்த கதை நிற்காது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரௌட்டர் மாட்யூலை ஏற்று, இணைப்பு மட்டும் வரவில்லையென்றால், இணைய நிறுவனம் மாட்யூலின் சீரியல் எண்ணைத் தன் பக்கம் பதியாமல் இருக்கலாம். அது விற்பவர் தலையில் விழாது.

முதலில் அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நடக்கவில்லையென்றால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. ரௌட்டர் விலையோடு மாட்யூல் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு வரியை நம்பித்தானே அதையும் வாங்கினீர்கள்.