ஒரு படத்த சுமந்துட்டு வர்ற ஒளிய ஸ்லோ பண்ணலாம், ஃபாஸ்ட் பண்ணலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

அதுக்கு உதவுறது ஆப்டிகல் ரெசனேட்டர். அதுன்னா ஒளிய திருப்பி அனுப்புற ரெண்டு கண்ணாடிய எதிரெதிரா வச்சது, அவ்ளோதான். உள்ள போன ஒளி உடனே வெளிய வராம முன்னும் பின்னுமா அலையும். கண்ணாடிங்க 10 செ.மீ. தள்ளி இருந்து ஒளி 100 தடவ போய் வந்தா 20 மீட்டர் ஆயிடும், அதுக்கு சுமாரா 67 நானோசெகண்ட், அந்த லேட்டத்தான் ஸ்லோன்னு சொல்றாங்க. மத்தபடி ஒளி உள்ளயும் அதே வேகத்துலதான் ஓடுது.

படம்னு வரும்போதுதான் தலைவலி. வரிசையா மார்ச் பண்றவங்க ஒரு ஹாலுக்குள்ள பல ரவுண்டு சுத்திட்டு அதே வரிசையில வெளிய வரணும், ஆளாளுக்கு ஒரு நேரத்துல வந்தா வரிசை போச்சு. ஒரு படம்ங்கறது பல எளிய ஒளி டிசைன்கள் சேந்த கலவை. சாதாரண ரெசனேட்டர்ல அந்த ஒவ்வொரு டிசைனுக்கும் ஒத்துப்போற ஃப்ரீக்வென்சி (அலை துடிக்கிற வேகம்) வேற வேற, அதனால படம் குழம்பிடும். வளைஞ்ச கண்ணாடி ரெண்ட, அதோட வளைவு ஆரத்துக்கு சமமான தூரத்துல வச்சா, பாதி டிசைன் ஒரே ஃப்ரீக்வென்சிக்கு வந்துடும், ஆனா வெளிய வர்ற படத்தோட அதோட தலைகீழ் காப்பியும் சேந்தே வரும் (இலவச இணைப்பு!).

ஃபாஸ்ட் பண்றது எப்படின்னா, முதல் கண்ணாடியில பட்டு திரும்புற ஒளியும் உள்ளருந்து கசியுற ஒளியும் ஒண்ணோட மேட்டுல இன்னொண்ணோட பள்ளம் விழற மாதிரி சேந்து, பல்ஸோட (ஒரு குட்டி ஒளித் துடிப்போட) பின்பாதிய அதிகமா அழிச்சிடும், அதனால அதோட உச்சி முன்னாடியே வந்த மாதிரி தெரியும்.

இத பாத்துட்டு தகவல் ஒளிய விட வேகமா போகுதுன்னு நெனச்சுக்காதீங்க, பல்ஸோட உச்சிதான் நகருது, அதோட முதல் நுனி ஒளி வேகத்த தாண்டறதே இல்ல.